இரண்டு சுழிப் போத்தல்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட கொப்பியில்தான் எழுதுகிறேன். என்றாலும் வரி தொடங்கும்போது கோட்டின்மேல் இருக்கிறது, முடியும்போது கீழே சரிந்துவிடுகிறது. ஐம்பது வருடம் ரொட்டி தட்டிய கை இது. பேனாவைப் பிடித்தால் அகப்பையைப் பிடித்த மாதிரி இறுக்குகிறது. ஒரு பக்கம் முடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு அதையே திரும்ப வாசிக்கிறேன். நான் எழுதியதை நானே வாசிக்க முடிகிறது என்பது எழுபத்துமூன்று வயதில் எனக்கு இன்னும் புதினமாகத்தான் இருக்கிறது. இந்தச் சந்தோசத்தை எனக்குத் தந்தவர் இறந்த செய்தியைத்தான் அதே எழுத்தால் எழுத வேண்டியிருக்கிறது.

நம் சைக்கிள் கூட்டத்தில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாங்கி வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சாமித்தம்பி. கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ரொட்டிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூர ஓட்டம் போகிற ஒன்பது பேருக்கு ஆறு வருடமாகத் தண்ணீரும் சாப்பாடும் செய்து கொடுக்கிறவன். அந்த ஒன்பது பேரில் முதலாவது ஆள் புவனம் மிஸ். முழுப் பெயர் புவனேஸ்வரி. முப்பது வருடம் குடும்பநல மருத்துவ மாதுவாக இருந்து ஓய்வு பெற்றவர். கர்ப்பிணிகளைப் பார்க்க வீடு வீடாகச் சைக்கிளில் போன கால், ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. பத்து மணி இருக்கும். ஓட்டோக்கார நவம் வண்டியைக் கடைக்கு முன்னால் வீதியின் பிழையான பக்கத்தில் நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை.

"மாமா, மிஸ் போயிட்டா."

"ஓம், போயிட்டா. ஏழரைக்கே போயிட்டா. ரொட்டி திண்டுட்டுத்தான் போனவ. என்ன, ஏதும் விட்டுட்டுப் போயிட்டாவா?"

நவம் அப்போதுதான் எஞ்சினை நிறுத்தினான். கல்லில் கிடந்த ரொட்டி கருகும் மணம் வந்தது. அதைத் திருப்பிப் போட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. கை போகவில்லை. மிஸ் குடித்த பிளேன்டித் தேத்தண்ணிக் கிளாஸ் மேசையிலேயே இருந்தது. நான் அதை இன்னும் கழுவவில்லை.

மிஸ் வீட்டுக்குப் போய், சைக்கிளை வாசல் படலையில் சாத்திவிட்டு, முற்றத்துப் பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார். "தலை இடிக்குது கா" என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டு கதிரையில் இருந்திருக்கிறார். மறுகா எழும்பவில்லை. தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்தது என்று டொக்டர் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். வயது ஐம்பத்தொன்பது. முந்தின ஞாயிறு ஐம்பது கட்டை, ஐம்பது மைல், சைக்கிள் ஓடிவிட்டு வந்து, என் கடை வாங்கில் உட்கார்ந்து தயிரும் சோறும் கேட்டு வாங்கித் தின்ற மனிசி. எனக்கு இந்தக் கணக்கு இன்றுவரை விளங்கவில்லை. போக வேண்டிய வயதில் நான் இருக்கிறேன்.

செத்த வீட்டில் குணம் மாஸ்டர் பேசினார். மாஸ்டரும் நம் ஒன்பது பேரில் ஒருவர். மிஸ்ஸோடு பக்கத்துச் சைக்கிளாக ஓடியவர். அழுது அழுதுதான் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஊருக்கெல்லாம் சாப்பாடு சொன்ன மனிசி, தன்ட வயித்த மறந்திட்டா. பனிச்சங்கேணிப் பாலத்தில ரெண்டு வருசத்துக்கு முந்தி சைக்கிளோட விழுந்ததும் சாப்பிடாமத்தான். நாங்க அப்பவே கண்டிச்சிருக்கணும்." சனம் தலையை ஆட்டியது. பின்னுக்கு இருந்த ஒரு பெண், "பாருங்க, மத்தவங்களுக்குத்தான் புத்தி சொல்றது" என்றார்.

நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். அது பொய் என்று அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். பெட்டிக்குள் கிடந்தவருக்கும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மிஸ் என் கடைக்கு முதன்முதல் வந்த நாளைச் சொல்ல வேண்டும். ஓட்டம் முடிந்து வந்தவர்கள் நால்வர் என் கடையில் எண்ணெய் ரொட்டியும் ஆட்டுக்கறியும் தின்றுவிட்டு, அடுத்த நாள் முழுக்கக் கால் நோகுது, வயிறு எரியுது என்று படுத்திருக்கிறார்கள். மிஸ் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அண்ணன், நீங்கதானா என்ட ஆக்களைக் கொல்லப் பாக்கிறது?"

"அவங்க கேட்டாங்க, நான் குடுத்தன் மிஸ்."

"பிள்ளை பெத்தவ கேட்டா, அண்டைக்கே அவவுக்கு ஆட்டுக்கறி குடுப்பீங்களா?"

அவருக்கு எல்லாமே பிள்ளைப்பேறு வழியாகத்தான் வரும். "பிள்ளை பெத்த உடம்பும் ஐம்பது கட்டை ஓடின உடம்பும் ஒண்டு. கதவு துறந்து கிடக்கும். அரை மணித்தியாலத்துக்குள்ள நல்லதைக் குடுத்தா உள்ள போகும். பிந்தினா சாத்திடும்." அப்படிச் சொல்லித்தான் ஓடி முடித்தவர்களுக்கு எருமைத் தயிரும் சோறும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் வைக்கும் வழக்கம் என் கடையில் வந்தது. ஓடும்போது தின்னச் சின்ன உருண்டைகள்: பச்சரிசிச் சோற்றைக் குழையவிட்டு, பனங்கட்டியும் கொஞ்சம் உப்பும் போட்டுப் பிசைந்தது. இரண்டு கடியில் முடிந்துவிட வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. எத்தனை ஞாயிறு பிழையாக உருட்டி, எத்தனை தரம் "இது உருண்டை இல்ல அண்ணன், கல்லு" என்று பேச்சு வாங்கி, அந்தப் பதத்துக்கு வந்தேன்.

அவர் அடிக்கடி சொல்கிற இன்னொன்று எல்லோருக்கும் மனப்பாடம். "பசிச்சிட்டெண்டா பிந்திட்டு." பசி வருவதற்கு முன்னமே தின்ன வேண்டும், தாகம் வருவதற்கு முன்னமே குடிக்க வேண்டும். உடம்பு கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தால், அது கேட்கும்போது கொடுக்க நேரம் இருக்காது. கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் முன்னால் இருந்து "குடி!" என்று கத்துவார். வீதியால் போகிறவர்கள் வேறு குடி என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள்.

தண்ணீரும் எல்லோருக்கும் ஒன்றல்ல. தேசிக்காய்ச் சாறு, உப்பு, சீனி மூன்றையும் ஆளுக்கு ஆள் அளந்து கரைக்க வேண்டும். மாஸ்டருக்கு வயிறு வைத்திருந்தது. குறைக்க வேண்டும் என்று சீனியை விட்டுவிட்டார், உப்பும் தேசிக்காயும் மட்டும். மிஸ்ஸுக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனியை இறக்கக் குளிசை எடுக்கிறவர். சீனி வருத்தக்காரருக்குச் சீனித் தண்ணீரா என்று நான் முதலில் சிரித்தேன். "குளிசையும் இறக்கும், ஓட்டமும் இறக்கும் அண்ணன். ரெண்டும் சேந்து இறக்கினா நான் தரையில கிடப்பன். எனக்கு வழியில சீனி வேணும்" என்று விளக்கினார். எல்லாப் போத்தலும் ஒரே கடையில் வாங்கிய வெள்ளைப் போத்தல். அவரிடம் பழைய வேலைக்காலத்துப் பிளாஸ்டர் சுருள் ஒன்று இருந்தது. காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டர்தான். அதைக் கிழித்து ஒவ்வொரு போத்தலிலும் பெயர் எழுதி ஒட்டினார். ஒட்டிவிட்டு என்னைப் பார்த்து, "இனி மாறிப் பிழைக்காது" என்றார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. எட்டு வயதில் மாடு மேய்க்கப் போனவன், பிறகு ரொட்டிக் கல்லுக்கு வந்தவன். கடைக்காரன் என்றால் எழுத்துத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். போத்தல்களை ஒழுங்கு வைத்துத்தான் அடையாளம் கண்டேன். முதலாவது மிஸ், இரண்டாவது மாஸ்டர், மூன்றாவது நவத்தின் மச்சான் என்று பெட்டியில் வரிசையாக அடுக்குவேன். நாலு வருடம் அது பிழைக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பனிச்சங்கேணி ஓட்டம். போக மட்டும் முப்பத்தைந்து கட்டைக்குக் கிட்ட வரும். விடியமுதல் நாலரைக்கு வெளிக்கிட வேண்டும். நவம் நல்லது செய்வதாக நினைத்து, கரைத்து மூடி வைத்த போத்தல் எல்லாவற்றையும் ஐஸ் போட்ட வாளிக்குள் தள்ளிவிட்டான். நான் வந்து பார்த்தபோது ஒன்பதும் ஒன்றின்மேல் ஒன்று மிதக்கின்றன. என் வரிசை போய்விட்டது.

மற்றவர்களுக்கு ஏதோ ஒரு தண்ணீர் போதும், பிழைத்தாலும் பெரிய பாதகமில்லை. மிஸ்ஸின் போத்தல்தான் முக்கியம் என்று தெரியும். அந்தப் பெயரின் படம் என் மனதில் இருந்தது. கடைசியில் சுழி சுழியாக ஓர் எழுத்து, அதற்குப் பிறகு பெட்டி மாதிரி ஒன்று, அதன் தலையில் ஒரு புள்ளி. அந்த வால் உள்ள போத்தலைத் தேடி எடுத்தேன். எடுத்து, மிஸ்ஸின் சைக்கிளில் செருகினேன். மற்றதுகளைக் கைக்கு வந்தபடி மற்றச் சைக்கிள்களில் வைத்தேன். இன்னொரு போத்தலுக்கும் அதே வால் இருக்கிறது என்று நான் காணவில்லை.

குணம். புவனம். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். மூன்று சுழி, இரண்டு சுழி. வாலில் அவ்வளவுதான் வித்தியாசம்.

இருட்டில் யாரும் பெயரைப் பார்க்கவில்லை. என் கையை நம்பினார்கள். மிஸ்ஸுக்கு அந்தக் கிழமை தடிமன், மூக்கு அடைத்து நாக்கில் ருசி இல்லை. அதனால் இனிப்பு இல்லை என்று அவருக்கும் தெரியவில்லை. நானும் சாப்பாட்டுப் பெட்டியும் நவத்தின் ஓட்டோவில் பின்னால் வந்தோம். வாழைச்சேனை தாண்டி ரயர் காற்றுப் போனது. அதை மாற்றிக்கொண்டு பாலத்துக்கு நாங்கள் போய்ச் சேர, மிஸ் கீழே கிடந்தார்.

சைக்கிள் பாலத்துக் கம்பியில் மோதிச் சரிந்திருந்தது. மிஸ்ஸுக்கு உடுப்பெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிற மாதிரிப் பார்க்கிறார். சுற்றி நின்றவர்கள் வெயில் என்றார்கள். மாஸ்டர் தன் போத்தலை எடுத்து, "முதல்ல வாய நனைங்க" என்று அவர் வாயில் வைத்தார். வைத்துக்கொண்டே என்னிடம், "அண்ணன், இண்டைக்கு உங்கட தண்ணி எப்பவும் இல்லாத ருசி" என்றார்.

அது சீனியின் ருசி என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

மிஸ் அந்தத் தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தார். நான் உருண்டை ஒன்றைப் பிட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. தெளிந்த கண் முதலில் கையில் இருந்த போத்தலைப் பார்த்தது. அதில் ஒட்டியிருந்தது அவருடைய பெயர். பிறகு என்னைப் பார்த்தார். பெருவிரலால் அந்தப் பிளாஸ்டரைச் சுரண்டி உரித்து, சின்ன உருண்டையாக உருட்டி, கைக்குள் பொத்திக்கொண்டார். தோள் எலும்பு வெடித்திருந்த பக்கத்துக் கையாலேயே அதைச் செய்தார்.

"என்ன மிஸ், சாப்பிடாம வெளிக்கிட்டீங்களா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"ஓம் மாஸ்டர். காலத்தால ஒண்டும் தின்னல்ல. மறந்து அயத்துப் போயிட்டன். என்ட பிழைதான்."

அவர் அன்று நாலு மணிக்கு என் கடையில் இரண்டு ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுவிட்டுத்தான் வெளிக்கிட்டார். நான்தான் கொடுத்தேன். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பேசாமல் நின்றேன்.

அடுத்த நாள் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றக் கையில், திரும்பவும் பெயர் ஒட்டிய இரண்டு போத்தலோடு கடைக்கு வந்தார். சனம் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார். இரண்டையும் மேசையில் வைத்தார்.

"அண்ணன், இதில என்ன எழுதியிரிக்கு?"

"கண்ணாடி கொண்டரல்ல மிஸ்."

"கண்ணாடி உங்கட மூக்கிலதான் இரிக்கு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கண்ணாடி தூரத்துக்கு என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. "மிஸ், ஆருக்கும் சொல்லிடாதீங்க" என்றேன். எலும்பு உடைந்தவர் அவர். அவரிடம் நான் கேட்டது அது.

"நான் ஆருக்கும் சொல்லல்ல. சொல்ற எண்டா நீங்க சொல்லுங்க. ஆனா இது என்ன எழுத்தெண்டு பாருங்க." விரலால் தொட்டார். "மாஸ்டருக்கு மூணு சுழி. எனக்கு ரெண்டு."

"மாஸ்டருக்கு ஏன் கூட?"

"அவர் சுழியன் தானே, அண்ணன். குழப்படிக்காரர்."

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன். அன்று தொடங்கியது. பின்னேரம் மூன்று மணிக்குக் கடை ஓயும். அப்போது வருவார். பிளாஸ்டர் துண்டில் ஒரு சொல் எழுதி, அந்தச் சாமானிலேயே ஒட்டுவார். சீனி டின்னில் சீனி, உப்பு டின்னில் உப்பு, எருமைத் தயிர்ச் சட்டியில் தயிர். என் கடை முழுக்கக் காயம்பட்ட மாதிரி வெள்ளைப் பிளாஸ்டர். வந்தவர்கள் கேட்டால் "எலிக்குப் பேர் சொல்லிக் குடுக்கிறம்" என்பார். நான் உப்பு என்று எழுதும்போது எப்போதும் நடுப்புள்ளியை விட்டுவிடுவேன். "புள்ளியும் உப்புத்தான் அண்ணன். கிள்ளித்தான் போடுறது, விட்டா எல்லாம் கெட்டுப் போகும்" என்று சொல்லி அவரே வைப்பார்.

போன வருடம் மாமாங்கத் திருவிழாவுக்குப் போகும் வழியில், பெயர்ப்பலகை ஒன்றை எழுத்துக் கூட்டி, அ-மி-ர்-த-க-ழி என்று வாசித்தேன். எழுபது வருடமாகப் போய்வருகிற ஊர். அதன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். அடுத்த நாள் மிஸ்ஸிடம் சொன்னபோது, "ழகரமே வந்திட்டா? அப்ப இனி உங்களை ஏமாத்த ஏலா" என்று கையைத் தட்டினார்.

இந்த இரண்டு வருடமும் கூட்டத்தில் மிஸ்ஸைப் பகிடி பண்ணினீர்கள். "மிஸ், காலையில திண்டீங்களா? பாலத்தைக் கண்டா பயமாயிரிக்கு" என்பீர்கள். அவர் சிரித்துக்கொண்டு வாழைப்பழத்தை உரித்துக் காட்டுவார். ஒவ்வொரு தரமும் நான் ரொட்டிக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறு சொல்லுவோம், எழுத்து இன்னும் கொஞ்சம் வந்த பிறகு சொல்லுவோம் என்று இருந்தேன். என் பிழையைச் சொல்லும்போது, இப்போது எனக்கு எழுத்துத் தெரியும் என்றும் சேர்த்துச் சொல்லலாம் என்ற ஆசை.

அந்த வியாழக்கிழமை காலையில் ஞாயிறு ஓட்டத்துக்குச் சாமான் துண்டு ஒன்றை நானே எழுதிக் காட்டினேன். வாழைப்பழம், தயிர், முட்டை, தேசிக்காய், உப்பு. மிஸ் இரண்டு ரொட்டியும் பருப்பும் ஒரு கதலிப் பழமும் தின்றுகொண்டே வாசித்தார். விரலை உப்பில் வைத்தார். புள்ளி இருந்தது. துண்டை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "வாறன் அண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே நான் உறுதியாகச் சொல்கிறேன். புவனம் மிஸ் சாப்பிடாமல் சாகவில்லை. பனிச்சங்கேணிப் பாலத்தில் சாப்பிடாமல் விழவுமில்லை. அங்கே அவரை விழுத்தியவன் நான். பசிச்சிட்டெண்டா பிந்திட்டு என்று அவர் சொன்னது சாப்பாட்டுக்கு மட்டும் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதி முடித்து, நேற்று மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டு போனேன். முதலில் அவர் வாசிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் எழுத்தை வாசிக்க அவருக்கும் நேரம் எடுத்தது. சில இடத்தில் கொப்பியைச் சரித்துப் பார்த்தார். பாலத்து இடம் வந்ததும் நிறுத்தினார்.

"அண்ணன், அப்ப நான் குடிச்சது அவட தண்ணியா?"

"ஓம்."

"நான் ருசி எண்டன்." கொப்பியை மடியில் வைத்தார். "எனக்கு வாசிக்கத் தெரியும். நாலு மணித்தியாலம் அந்தப் போத்தல் என்ட காலுக்குள்ளதான் இரிந்தது. ஒருக்காவும் பேரைப் பாக்கல்ல."

அவர் எனக்கு ஏசுவார் என்று ஆயத்தமாகப் போனவன். மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை முப்பத்தொண்டு அண்டைக்கு நான் வாசிக்கிறன். செத்த வீட்டில சொன்ன வாயாலதான் இதையும் சொல்லணும்" என்றார். பிறகு கடைசியாக, "சுழியன் எண்டா சொன்னவ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அழுதார், சிரித்தார். எது எது என்று எனக்குத் தெரியவில்லை.

மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தப் பிளாஸ்டர் சுருள். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மூன்று மணிக்குக் கடை ஓய்ந்தால் இன்னும் வீதியைப் பார்க்கிறேன். இருபது வருடம் பிந்தி வந்திருந்தாலும் இந்த மனிசி எனக்கு எழுத்துத் தெரியாது என்று கண்டுபிடித்திருப்பார். இவ்வளவு வெள்ளெனப் போவார் என்று மட்டும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

முப்பத்தொன்று கழித்து வருகிற ஞாயிறு, பனிச்சங்கேணிக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். சோறு குழைய வைப்பேன், தயிருக்குச் சொல்லிவிட்டேன். அன்று காலத்தால நாலு மணிக்கு மறுபடி எழுதுவேன். கொப்பியில் இல்லை, போத்தலில். எட்டுப் பேருக்கும் என் கையால் பெயர் எழுதி ஒட்டுவேன். கோணலாக இருந்தாலும் குடிக்கமுதல் ஆளுக்கு ஆள் பெயரைப் பாருங்கள். ஒன்பதாவது போத்தலில் சீனி அளவாகப் போட்டுக் கரைத்து, என் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வருவேன். அதில் புவனம் என்று எழுதியிருக்கும். இரண்டு சுழி. கடைசியில் புள்ளி.